அம்மாவின் குரல் சின்னதாகும் வரை

1

ஹந்தானையில் என் மகள் காணாமல் போய் இந்த ஆகஸ்டோடு ஒரு வருடமாகிறது. கண்டியில் இருக்கும் என் சொந்தபந்தங்கள் அந்தக் கதையை இன்னும் விட்டபாடில்லை. ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கலகெதரப் பெரியம்மா வீட்டில், தேயிலைக்குள் இருந்த மோகினி பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், திருநீறு போட்ட பிறகுதான் விட்டதாகக் கதை. அண்ணனுடைய புடவைக்கடைக்கு வந்துபோகும் அக்குறணை வியாபாரி ஒருவருக்குக் கிடைத்த தகவல், நான் கைபேசியில் அரட்டை அடித்துக்கொண்டு பிள்ளையைக் கோட்டை விட்டுவிட்டேன் என்பது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன கிழமை தூரத்து மாமி ஒருவர் வீடியோவில் வந்து, "பாவம் சுமதி, சுவிஸ் புள்ளைக்குத் தமிழ் வெளங்கல, நீ கூப்பிட்டது தெரியாம உக்காந்திருந்துச்சாமே" என்று உச்சுக் கொட்டினார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பச்சைப் பொய். என் மகள் இனியாவுக்குத் தமிழ் நன்றாகவே விளங்கும். அன்றைக்கு நான் கூப்பிட்ட ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியது. விளங்கியதால்தான் அவள் வரவில்லை.

ஆகவே நானே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டுங்கள். அந்த மோகினியை மட்டும் விட்டுவிடுங்கள்.

2

எனக்குக் கோபம் வரும். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, கண்டியில் என்னோடு படித்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் என் குரல் பெரியது என்பது சுவிஸுக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கண்டியில் எங்கள் வீடு மேட்டில் இருந்தது. அப்பாவின் கடை கீழே ரோட்டில். மதியம் அம்மா சமையலறை ஜன்னலில் நின்று "என்னங்க, சாப்பிட வாங்க" என்று ஒரு குரல் விட்டால் அப்பாவுக்கும் கேட்கும், பக்கத்துக் கடைச் சிங்களவருக்கும் கேட்கும். "முதலாளி, கேம லேஸ்தி" என்று அவரே சிரித்துக்கொண்டு அப்பாவை எழுப்பிவிடுவார், சாப்பாடு தயாராம் என்று. அண்ணனும் நானும் மாடிக்கும் முற்றத்துக்கும் கத்திக் கத்தித்தான் பேசுவோம். ரோட்டில் பஸ்காரன் கத்துவான், ஐஸ்கிரீம் வண்டி கத்தும், கோயில் ஸ்பீக்கர் கத்தும். அந்த இரைச்சலில் மெதுவாகப் பேசினால் "என்ன, உடம்பு சரியில்லையா" என்று கேட்பார்கள். "காலை ஒடைச்சிருவேன்" என்று அம்மா தினம் சொன்னார். எங்கள் கால்கள் பத்திரமாகவே இருந்தன. நாங்கள் பயந்ததாகவும் ஞாபகமில்லை.

இந்தக் குரலைத் தூக்கிக்கொண்டுதான் பேர்ண் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு சின்ன ஊருக்கு, நாலு மாடிக் கட்டிடம் ஒன்றின் இரண்டாம் மாடிக்கு நான் குடிபோனேன். கணவர் குகன் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரர், ஒரு உணவகத்தில் சமையல். மாலையில் போனால் இரவு வருவார். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் காலை வேலை. கண்டியில் கணக்கு எழுதிய கை இங்கே காரட் நறுக்குகிறது, அது இருக்கட்டும். காலையில் இரண்டு பிள்ளைகளையும் எழுப்பிக் கிளப்பவேண்டும். இனியாவுக்கு அப்போது ஆறு வயது, தம்பி கவினுக்கு மூன்று. பனிக்காலத்தில் ஒரு பிள்ளைக்குக் காலுறை, அதன் மேல் கம்பளிக் காலுறை, பனிக் காற்சட்டை, பூட்ஸ், தொப்பி, கையுறை. எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் "அம்மா, மூத்திரம்" என்று வரும். பஸ் நமக்காக நிற்காது. பாலர் வகுப்புக்குப் பிந்தினால் டீச்சர் ஒன்றும் சொல்லமாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு நாலு அறை வாங்கலாம்.

அப்போது கத்துவேன். வேறென்ன செய்வது?

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டு அம்மா மணியடித்தார். கதவைத் திறந்தால் கையில் ஒரு துண்டு கேக்கோடு நிற்கிறார். "எல்லாம் நலமா? பிள்ளைகள் நலமா?" என்று கேட்டார். கேட்டதென்னவோ என்னை, பார்த்ததெல்லாம் என் தோளுக்குப் பின்னால். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த நாட்டில் கண்ணாடிப் போத்தலைக்கூடக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, சத்தம் கேட்கும். அன்று நான் கவின் சுவரில் கிறுக்கியதற்காக ஊரைக் கூட்டியிருந்தேன்.

நன்றி சொல்லிக் கதவை மூடி, பூட்டையும் போட்டேன். நிரந்தர வதிவிட அனுமதிக்கு நாங்கள் விண்ணப்பித்திருந்த நேரம் அது. இங்கே யாராவது ஒருவர் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுவிட்டால் பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து ஆள் வரும் என்று தமிழ்க்கடையில் ஆளாளுக்குக் கதை சொல்வார்கள். பாதி பொய்யாக இருக்கும். எந்தப் பாதி என்றுதான் தெரியாது.

அடுத்ததாகப் பாலர் வகுப்பு டீச்சர் கூப்பிட்டார். வட்டமாக உட்கார்ந்து அவரவர் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது இனியா, "எங்க அம்மாவுக்கு ரெண்டு குரல் இருக்கு, ஒன்று பெரிசு, ஒன்று சின்னது" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தனக்கும் கோபம் வருவதுண்டு என்று சொல்லி, பிள்ளைகளோடு தாய்மார் போகக்கூடிய ஒரு யோகா வகுப்பு இருக்கிறது, புதன் பின்னேரங்களில், உங்களுக்கு அது தெரிந்த விஷயம்தானே, உங்கள் நாட்டுக் கலை அல்லவா என்றார். எனக்குத் தெரிந்த யோகா, அப்பா காலையில் பெனியனோடு மொட்டைமாடியில் நின்று மூக்கை மாற்றி மாற்றிப் பொத்துவதும், பாடசாலையில் வீட்டுவேலை செய்யாமல் போனால் போட்ட தோப்புக்கரணமும்தான். தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

வகுப்பு நன்றாகத்தான் இருந்தது. பொன்னிறத் தலைமயிரோடு ஒரு பெண் கண்ணை மூடி "ஓம்" என்று இழுத்தார். இனியா என் காதில், "அப்பா ஃபோன்ல பேசுற மாதிரியே சொல்றாங்க" என்றாள். ஆமாம் என்பதற்கு ஓம் என்கிற யாழ்ப்பாணத்துக்காரரைக் கட்டினால் வீட்டில் நாள் முழுக்க ஓம்தான். பிள்ளைகள் பூனை மாதிரி முதுகை வளைத்தார்கள், மரம் மாதிரி ஒற்றைக்காலில் நின்று விழுந்தார்கள். வயிற்றுக்குள் பலூன் இருப்பதாக நினைத்து மூச்சை இழுத்து ஊதினார்கள். கவின் அந்தப் பலூனை வாயாலேயே வெடிக்கவைத்தான். நானும் முதல் முறையாக என் மூச்சைக் கவனித்தேன். அது பாதி வழியில் நின்று நின்று போனது.

அந்தப் பெண் சொல்லித்தந்தவற்றில் முக்கியமானது அமைதி மூலை. வீட்டில் ஒரு மூலையில் ஒரு மெத்தையும் தலையணையும் போடுங்கள். கோபம் வந்தவர் யாரோ அவர் அங்கே போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, கோபம் இறங்கும்வரை மூச்சு விடட்டும். பெரியவர்களும்தான் என்றார்.

மற்ற எல்லாவற்றையும் சொன்னபடி செய்தேன். அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மெத்தை போட்டேன். இனியா அதில் தன் முயல் பொம்மையை வைத்தாள். ஆனால் கோபம் வந்தவர் போய் உட்காருவது என்பது மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. அடுப்பில் பருப்பு கொதிக்கும்போது, பெற்ற தாய் போய் மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடுவதா? எந்தத் தமிழ் வீட்டில் நடக்கும்? பிள்ளைக்கு முன்னால் ஒரு மரியாதை வேண்டாமா? ஆகவே விதியைக் கொஞ்சம் நம் வசதிக்குத் திருப்பினேன். இனியாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன்.

"அம்மாட குரல் பெருசாச்சுன்னா நீ போய் அமைதி மூலையில உக்காந்திரு. கண்ண மூடிட்டு மூச்சு விடு. அம்மாட குரல் சின்னதாகிற வரைக்கும் வெளிய வராத. சத்தமும் போடாத. சரியா?"

"சரி" என்றாள்.

அந்தப் பிள்ளை எதைச் சொன்னாலும் அப்படியே செய்யும். நான் கத்த ஆரம்பித்ததும் போய் உட்கார்ந்துவிடுவாள். கத்துவதற்கு எதிரில் ஆளில்லாவிட்டால் கோபம் சீக்கிரம் இறங்குகிறது, அதுவும் உண்மை. சத்தம் குறைந்தது. கீழ் வீட்டு அம்மா மணியடிக்கவில்லை. டீச்சர் என்னைப் பார்த்து மெய்யாகவே சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை, தமிழ்க்கடையில் நாலு தாய்மாருக்கு யோகாவின் பெருமையைச் சொல்லிக்கொடுத்தேன்.

குகன் மட்டும் ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கோவம் உமக்கு. மூலை பிள்ளைக்கோ?"

"நீங்க சும்மா இருங்க. நாள் முழுக்க இதுகளோட கிடக்கிறது நானா நீங்களா?"

"இல்லையப்பா, கேட்டனான்."

"கேட்டது போதும்."

அவர் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். நானும் அதோடு அந்தப் பேச்சை மறந்தேன்.

4

விடுமுறைக்குக் கண்டியில் அண்ணன் வீட்டுக்குப் போனோம். குகனுக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் பிள்ளைகளும் மட்டும். காலையில் மொட்டைமாடியில் பாயை விரித்து மூவரும் மூச்சு இழுத்து விடுவோம். அண்ணி துணி காயப்போட வந்து, கையில் வாளியோடு நின்று பார்ப்பார். ஹந்தானைத் தோட்டத்தில் பிறந்தவர், நிதானமான மனுஷி, எதற்கும் அவசரப்படமாட்டார். அண்ணனுக்கோ வாய் சும்மா இருக்காது.

"இங்கருந்து போன சாமான, அங்க போய்ப் படிச்சிட்டு வந்து நமக்கே காட்டுறா பாரு" என்பார்.

"நீங்களும் ஒரு நாள் மூச்ச இழுத்துப் பாருங்கண்ணே, தொப்பை குறையும்."

"எனக்குத் தொப்ப இருந்தாத்தான் கடையில முதலாளின்னு நம்புறாங்க."

இனியா அண்ணனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த வீட்டில் எல்லாரும் கத்திப் பேசியதை முதல் இரண்டு நாள் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கத்தினால் கோபமில்லை என்று பிறகு அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். "மாமாட பெரிய குரல்ல சிரிப்பு இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். என் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கண்டியில் நான் மாறிப்போனேன். கீழே யாரும் இல்லை, மணியடிக்க ஆளில்லை, என் குரல் எவ்வளவு தூரம் போனாலும் ரோட்டுச் சத்தத்தில் கரைந்துபோகும். உள்ளே அடக்கி வைத்திருந்ததெல்லாம் நாளாக ஆக அவிழ்ந்து வந்தது. கவின் மாம்பழத்தைச் சட்டையில் துடைத்தால் ஒரு சத்தம், இனியா செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கினால் ஒரு சத்தம். சுகமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். நான் கத்தும்போது இனியா சமையலறைக் கதவுக்குப் பின்னாலோ, கட்டிலுக்கு அந்தப் பக்கமோ போய் உட்கார்ந்துகொண்டதை நான் கவனிக்கவே இல்லை.

5

அண்ணியின் சித்தி இன்னும் ஹந்தானையில்தான் இருக்கிறார், மேல் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஆட்டோவில் மலை ஏறிப் போனோம், அண்ணி, நான், பிள்ளைகள். கோழிக்குழம்பும் ரொட்டியும் சாப்பிட்டு முடிந்ததும், பிள்ளைகளுக்குத் தேயிலை காட்டுவோம் என்று அண்ணி எங்களைத் தோட்டத்து ரோட்டில் நடத்திக்கொண்டு போனார்.

ரோட்டுக்கு ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சரிவு, இரண்டு பக்கமும் தேயிலை. இடையிடையே மழைத்தண்ணீர் ஓடுவதற்கு வெட்டிய கான்கள். சரிவில் கொஞ்சம் இறங்கினால், முன்பு ரோட்டுக்குக் கல் உடைத்த பள்ளம் ஒன்று இருக்கிறது. மழைத்தண்ணீர் நிறைந்து, மேலே பாசி மூடிக் கிடக்கும். "அந்தப் பக்கம் மட்டும் புள்ளைகள விட்டுறாதீங்க, ஆழம்" என்று சித்தி கிளம்பும்போதே சொல்லியிருந்தார்.

இனியா கொழுந்து கிள்ளி என் கைப்பையில் போட்டுக்கொண்டே வந்தாள். சந்தோஷமாக இருந்தாள். திடீரென்று ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்துவிட்டாள், சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ஓடினாள். பள்ளத்தின் பக்கம்.

"ஏய் இனியா! நில்லுடி அங்க! நில்லு! கால ஒடச்சிருவேன்!"

நின்றுவிட்டாள். திரும்பி ஏறி வந்து என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அங்கேயே முடித்திருக்கலாம். பிள்ளை நின்றாயிற்று, வந்தாயிற்று. ஆனால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, அது நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. சொன்னால் கேட்கமாட்டாயா, உனக்குக் காது இல்லையா, உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது என் தப்பு, ஊருக்கே உன்னை இனிக் கூட்டிவரமாட்டேன். மலையில் எதிரொலித்து என் குரல் எனக்கே திரும்பி வந்தது. அண்ணி என் கையைத் தொட்டு, "விடுங்க சுமதி, புள்ளைதானே" என்றார். நான் விடவில்லை.

அப்போது கவின் வீறிட்டான். கணுக்காலில் அட்டை. நான் குனிந்து அதைப் பிய்த்து எறிந்தேன், இரண்டாவது ஒன்று விரலிடுக்கில் இருந்தது, அதையும் எடுத்தேன். அண்ணி அவன் காலைத் துடைத்தார். இதற்குள் மேலேயிருந்து மூடுபனி இறங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ரோடு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. இனியா நின்ற இடத்தில் இனியா இல்லை.

"இனியா!"

பதில் இல்லை.

"இனியா! எங்கடி போன? விளையாடாத, வா வெளிய!"

பனி அசைந்தது. வேறெதுவும் அசையவில்லை. ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஓடினேன், சறுக்கி உட்கார்ந்தேன், எழுந்து ஓடினேன். பள்ளத்தின் விளிம்பில் போய் எட்டிப் பார்த்தேன். பாசி அப்படியே மூடிக்கிடந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் கிழிந்து கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. அது முன்பே அப்படித்தான் இருந்ததா, இப்போது கிழிந்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் போட்ட சத்தத்தில் லயத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சித்தி வந்தார், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள், இரண்டு ஆண்கள் மூங்கில் கழியோடு பள்ளத்துக்கு இறங்கினார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றுவதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை, ரோட்டுக்கு ஏறிவிட்டேன். எல்லாரும் நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். "பாப்பா! இனியாப் பாப்பா!" மலை முழுக்க என் பிள்ளையின் பெயர். தோட்டத்துக் காவல்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "மொகத நோனா வுணே?" என்று கேட்டார். என்ன நடந்தது என்று கேட்கிறார், அது விளங்குகிறது. சிங்களத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சுவிஸில் பேசிப் பழகிய ஜெர்மன்தான் வந்தது. என் பிள்ளை, என் பிள்ளை என்று ஜெர்மனில் சொல்கிறேன், அந்த மனிதர் விழிக்கிறார். அண்ணிதான் அவருக்குச் சொன்னார்.

பிறகு அண்ணி என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"சுமதி, இங்க பாருங்க. புள்ள ஓடியிருந்தா எனக்குச் சத்தம் கேட்டிருக்கும். புள்ளைக்கு எங்கயாச்சும் போய் ஒளிஞ்சிக்கிற பழக்கம் இருக்கா?"

"இல்ல! அவ ஏன் ஒளியப்போறா? அவ அப்படிப்பட்ட புள்ள இல்ல!"

"நீங்க ஏசுனா எங்க போவா? வீட்டுலயும் காணாமத்தானே போறா. நேத்து அரிசி வாளிக்குப் பின்னால இருந்தா, நான் பாத்தேன். கண்ண மூடிட்டு இருந்தா. தூங்குறான்னு நெனச்சேன்."

அந்த நேரத்தில் எனக்கு நடந்ததை எப்படி எழுதுவது? அம்மாவின் குரல் சின்னதாகும் வரைக்கும் வெளியே வராதே. சத்தமும் போடாதே. நான் சொன்னது. நான் கத்தக் கத்த அவள் வரமாட்டாள். நான் அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறேன். பள்ளத்தில் இல்லாவிட்டால் எங்கேயோ இந்த மலையில், அட்டைக்கும் குளிருக்கும் நடுவில், என் பிள்ளை நான் சொன்னதைச் செய்துகொண்டிருக்கிறாள். பள்ளத்தில் இல்லாவிட்டால்.

6

"கத்தாதீங்க! எல்லாரும் கத்தாதீங்க!" என்று கத்தினேன். இதைவிட மடத்தனம் உண்டா? அண்ணி கையைக் காட்டி ஒவ்வொருவராக நிறுத்தினார். கழியோடு நின்றவர்களும் நிறுத்தினார்கள். மலை அமைதியாகிவிட்டது. தேயிலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. ஒரு பிள்ளை மூச்சு விடுவது கேட்கிறதா என்று அத்தனை பேரும் காதைக் கொடுத்து நின்றோம். கேட்கவில்லை.

குரலைச் சின்னதாக்க வேண்டும், அவ்வளவுதான். மெதுவாக, இதமாக, புதன்கிழமை வகுப்பில் பேசுகிற மாதிரிக் கூப்பிட வேண்டும். "இனியாக்குட்டி" என்று ஆரம்பித்தேன். கீச்சென்று உடைந்து, அதுவும் அதட்டலாகத்தான் வந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தேன், வயிறு வரைக்கும் போகவில்லை. பலூனாவது ஒன்றாவது. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி அதே அதட்டல். என்னிடம் சின்னக் குரல் என்று ஒன்று இருந்ததே, டீச்சரிடமும் கீழ் வீட்டு அம்மாவிடமும் ஜெர்மனில் பேசுகிற குரல், அது தமிழில் எனக்கு வரவே மாட்டேனென்றது.

நடு ரோட்டில், அந்தச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். கவின் வந்து என் மடியில் ஏறினான். அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு முன்னால் ஒருநாளும் அழுததில்லை நான், அதுவும் மரியாதை பார்த்துத்தான்.

"இனியா, அம்மா கோவமா இல்லம்மா. அம்மாவுக்குப் பயமா இருக்கு. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு பாப்பா."

யாரும் அசையவில்லை. நான் அதையே சொல்லிக்கொண்டு அழுதேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பின்பக்கம் மேட்டில், கானுக்கு அந்தப் புறம், இரண்டாவது நிரைத் தேயிலை அசைந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, கைக்கெட்டும் தூரம் என்றே சொல்லலாம். செடிகளின் அடியில் இருந்து இனியா நாலுகாலில் வந்தாள். சட்டையெல்லாம் சேறு, முகம் வெளுத்து, உதடு நடுங்கிக்கொண்டு. கழுத்தில் ஒரு அட்டை இரத்தம் குடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் கண்ணத் திறக்கவே இல்லம்மா" என்றாள். "என்னமோ கடிச்சிச்சு. அப்பவும் திறக்கல."

நான் அவளைத் தூக்கினேன். அண்ணி அட்டையைப் பிய்த்தார். சித்தி, "முருகா, முருகா" என்று தலையிலடித்துக்கொண்டு திருநீறு எடுக்க ஓடினார். கலகெதரப் பெரியம்மாவின் மோகினி அங்கேதான் பிறந்திருக்க வேண்டும். காவல்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பள்ளத்திலிருந்து ஏறி வந்தவர் இடுப்பு வரை நனைந்திருந்தார். பிள்ளையைப் பார்த்ததும், "அட கழுத" என்று சிரித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

லயத்துக்கு நடந்தோம். கவினை அண்ணி தூக்கிக்கொண்டார். இனியா என் இடுப்பில், ஆறு வயதுப் பிள்ளை, கனம். கொஞ்ச தூரம் போனதும் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"கோவம் இல்லையா?"

"இல்லடா. பயம்."

"வீட்டுல கத்தும்போதும் பயமா?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் நடந்துகொண்டே யோசித்தேன். பஸ் வரும் நேரத்தில் பூட்ஸைத் தேடும்போது, சுவரில் கிறுக்கலைப் பார்க்கும்போது, கதவு மணி அடிக்கும்போது.

"ஆமா" என்றேன். "அதுவும் பயம்தான்."

"யாரப் பாத்துப் பயம்?"

சொன்னேன். பிள்ளையிடம் சொல்லக்கூடாத விஷயம்தான், ஆனாலும் சொன்னேன். கீழ் வீட்டு அம்மா, டீச்சர், அலுவலகத்திலிருந்து வரக்கூடிய ஆள், எங்களை இருக்க விடுவார்களோ மாட்டார்களோ என்பது. அவள் பெரிய மனுஷி மாதிரி எல்லாவற்றையும் கேட்டாள். கீழ் வீட்டு அம்மா நல்லவங்க, எனக்கு சொக்லேட் தருவாங்க என்றாள். டீச்சரும் நல்லவங்க என்றாள். அலுவலகத்து ஆளைத் தனக்குத் தெரியாது என்றாள்.

"எனக்கு அவங்க யாரையும் பயமில்லம்மா. எனக்கு உங்களப் பாத்துத்தான் பயம்."

சொல்லிவிட்டு, கீழே இறக்கிவிடாதே என்பதுபோல, இரண்டு கையாலும் என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.